மண் வீடு கட்டினால் மட்டும் போதுமா?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். "இயற்கையோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு வீடு கட்ட ஆசை. மண் வீடு கட்டினால் போதுமா? அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு கட்டுவது நடக்கிற காரியமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்பவை, அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

எதை வைத்துக் கட்டுவது என்பதைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். முதலில் மனையைப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, உச்சிவேளையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அங்கே போய் நில்லுங்கள். ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று குறித்து வையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வடிகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வெயில் காலமும் ஒரு மழைக்காலமும் இப்படிப் பார்த்துவிட்டால், பாதி வரைபடத்தை மனையே போட்டுக் கொடுத்துவிடும்.

வெயில் அதிகமுள்ள இடங்களில் உச்சி வெயிலைத் தடுப்பது சுலபம். சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் இரண்டு, இரண்டரை அடி சன்ஷேடே பெரும்பாலும் போதும். கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் அப்படி இல்லை. தாழ்வாக வந்து நேராகச் சுவரில் அடிக்கும், சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் அதன் கீழே நுழைந்துவிடும். மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்க அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே விடும். இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அதனால் வீட்டின் நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மேற்கில் படுக்கையறை வேண்டாம், மாடிப்படியோ குளியலறையோ சாமான் அறையோ வரட்டும். சுவருக்கு வெளியே ஒரு மரம் இருந்தால் இன்னும் நல்லது. குளிர் நாடுகளில் நோக்கமே தலைகீழ், அங்கே வெயிலை வீட்டுக்குள் வரவழைக்க வேண்டும்.

சோலார் பேனல் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். தாராளமாக வையுங்கள். ஆனால் திசை தப்பிக் கட்டிய வீட்டை அது சரிசெய்யாது.

சரி, இப்போது மண்ணுக்கு வருவோம். உலகத்தில் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் 1,450 டிகிரி வரை சூடாக்கித்தான் சிமெண்ட் செய்கிறார்கள். அடுப்புக்கு எரிக்கும் எரிபொருளை விட, சூடாகும் அந்தக் கல் விடுகிற கரியமில வாயுதான் அதிகம். எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. ஆகவே சிமெண்டைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது மிகவும் சரி.

ஆனால் கனத்த மண் சுவர் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பகலில் காய்ந்து இரவில் நன்றாகக் குளிர்கிற வறண்ட பகுதிகளில் அது அருமையாக வேலை செய்யும். இரவிலும் புழுக்கம் விடாத கடலோரத்தில் அதே சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே மெல்லிய சுவரும் எதிரெதிரே பெரிய ஜன்னல்களும்தான் வேண்டும். செங்கல்லே வைத்தாலும் சிக்கனமாகக் கட்டலாம். கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ராட் டிராப் பாண்ட் (எலிப்பொறிக் கட்டு) முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, சுவருக்கு நடுவே இடைவெளி விடுவார்கள். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், அந்த இடைவெளிக் காற்று சூட்டையும் தடுக்கும்.

மண் சுவரே வேண்டும் என்றால், கீழே தரைக்கு மேல் ஒன்றரை அடிக்காவது கல் கட்டுமானம், மேலே நன்றாக நீண்ட கூரை, இரண்டும் கட்டாயம். மண் சுவர் மேல் சிமெண்ட் பூச்சு பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவரைத் தின்றுவிடும். மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ போதும், ஆனால் அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அதை யார் செய்வது? உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் வந்து சேருகிறது.

மாலி நாட்டில் ஜென்னே என்ற ஊரில் ஒரு பெரிய மண் பள்ளிவாசல் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. சுவரிலிருந்து வரிசை வரிசையாக மரக்கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனால் பூச்சு வேலைக்கு ஏறி நிற்கும் சாரமே அதுதான். ஆண்டுதோறும் ஊரே திரண்டு மண் குழைத்து, தண்ணீர் சுமந்து, மறுபடி பூசுகிறது. நூறு ஆண்டுக்கு மேல் அந்த மண்ணைக் காப்பாற்றி வருவது இந்தக் கைகள்தான்.

எல்லோரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. டென்மார்க்கில் 1972இல் செட்டடாமன் என்ற குடியிருப்பை 27 குடும்பங்கள் சேர்ந்து உருவாக்கின. ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனி சமையலறை. அதோடு சேர்ந்து சாப்பிட ஒரு பொது வீடு. நீங்கள் மூன்று நான்கு வீடுகளாகத் தொடங்கினால்கூடப் போதும். எப்போதாவது வரும் விருந்தாளிக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை எதற்கு? எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கட்டுங்கள். துணி துவைக்கும் இடம், பட்டறைச் சாமான்கள், ஏணி எல்லாம் அப்படித்தான். கட்டாத அறையை விடச் சிக்கனமான அறை கிடையாது.

தண்ணீரையும் சேர்ந்தே யோசியுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரை என்றால், 10 மில்லிமீட்டர் மழைக்கே 1,000 லிட்டர், இதில் கொஞ்சம் வீணாகும். நாலு கூரைக்கும் சேர்த்து ஒரு தொட்டி கட்டினால் செலவு குறையும். உங்கள் மனையை நீங்கள் மட்டும் மேடாக்கிவிட்டால், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். பொதுவானதற்கு யார் எவ்வளவு தருவது, பழுது வந்தால் யார் பார்ப்பது, ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போனால் அவருடைய பங்கு என்ன ஆகும் என்பதை எல்லாம் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.