பாய்லர் சொட்டும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லரின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் சாக்கடைக்குப் போகும். அதில் சொட்டும் தண்ணீரை என்ன செய்யலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அது நெருப்பில் பிறந்த தண்ணீர். எரிவாயுவில் பெரும்பகுதியான மீத்தேன் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கன மீட்டர் எரிவாயுவுக்குச் சுமார் 1.6 லிட்டர். பழைய பாய்லர்களில் அத்தனையும் புகையோடு வெளியே போய்விடும். ஆவியை மறுபடி நீராக்கும் கண்டென்சிங் பாய்லரிலோ, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சுற்றி ஆறி வரும் தண்ணீர் அந்தப் புகையைக் குளிர்விக்கிறது. புகை ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஆவி நீராகி, தன்னிடமிருந்த வெப்பத்தை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது. லிட்டருக்கு 0.6 யூனிட்டுக்கும் மேல்!

அதனால் இந்தத் தண்ணீரின் முதல் பயன் அளந்து பார்ப்பதுதான் என்பேன். குளிர் மிகுந்த ஒரு நாளில் குழாயின் வெளிமுனையில் வாளி வையுங்கள். அன்று மீட்டர் காட்டும் எரிவாயுவில் சமையலுக்குப் போனதைக் கழித்துவிடுங்கள். கன மீட்டருக்கு ஒரு லிட்டர் கிடைத்தால் பாய்லர் நன்றாக வேலை செய்கிறது. வாளியில் ஒன்றுமே சேரவில்லையா? தண்ணீர் மிகச் சூடாகவே திரும்பி வருகிறது என்று அர்த்தம். ரேடியேட்டருக்கு அனுப்பும் வெப்பநிலையை 70லிருந்து 55க்குக் குறைத்து, மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள். வீடு போதுமான அளவு சூடாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். வாளி கூடுதலாக நிறைய நிறைய, புகையில் வீணாகும் வெப்பம் குறைகிறது.

சரி, சேர்ந்த தண்ணீரை என்ன செய்வது? கழிப்பறைக் கோப்பையில் வாளியோடு ஊற்றிவிடுவதுதான் எளிது. ஃபிளஷ் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம், அங்கே உலோக பாகங்கள் இருக்கலாம். இது அமிலத் தண்ணீர். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3 முதல் 5 வரை இருக்கும். செம்பையும் இரும்பையும் அரிக்கும், நாள்பட ஓடினால் சிமெண்டையும் தின்னும். பாய்லரின் உலோகமும் சிறிது கரைந்திருக்கும். குடிக்கவோ, மீன் தொட்டியில் ஊற்றவோ, இஸ்திரிப் பெட்டியில் நிரப்பவோ கூடாது.

அமிலம் என்றதும் பயப்படவும் வேண்டாம். அதில் ஒரு பங்கு கரைந்த கரியமில வாயுதான். திறந்து வைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். அதன் பிறகும் பிஎச் 4 காட்டினால், ஒரு லிட்டரைச் சரிக்கட்ட 5 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் போதும். சுண்ணாம்புச் சத்து கரைந்த கடினத் தண்ணீர் ஒரு டம்ளர் கலந்தாலே அவ்வளவு கிடைத்துவிடும். பளிங்குச் சில்லுகள் நிரப்பிய குப்பி வழியே விடுபவர்களும் உண்டு. அசேலியா, கமெலியா மாதிரி அமில மண்ணை விரும்பும் அலங்காரச் செடிகளுக்கு மழைத் தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். உண்ணும் செடிகளுக்கு நான் ஊற்ற மாட்டேன். எண்ணெயில் எரியும் பாய்லர் என்றால் கந்தகமும் சேரும். அந்தத் தண்ணீர் எந்தச் செடிக்கும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாய்லருக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கார்பன் மோனாக்சைடு கலந்த புகை அறைக்குள் வராமல் தடுக்கிறது. வாளி வைக்கும் அவசரத்தில் அதைக் கழற்றிவிடாதீர்கள். குழாய் முனை திறந்தபடி இல்லாமல் சாக்கடைக் குழாயோடு ஒட்டப்பட்டிருந்தால், தகுதி பெற்ற டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், ரேடியேட்டரைக் காலி செய்யும்போது வருகிற கறுப்புத் தண்ணீர் வேறு. அதில் இரும்புத் துகளும் துருத்தடுப்பு மருந்தும் இருக்கும். தோட்டத்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் அது போகக் கூடாது. கழிவுநீர்ச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும்.

நன்றி, வணக்கம்.