முத்தினால்தான் காசா?

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் துறைத் தலைவர்களே, அழைப்பை மதித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காப்பீட்டு நிறுவன அதிகாரி அவர்களே (இன்று அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான், பொறுத்தருளுங்கள்), நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய அண்ணாச்சிக்கும் நன்றி.

ஆராய்ச்சி மாணவர்களின் மனநலம்தான் இன்றைய பேச்சு. அதில் சட்டம், காப்பீடு, வழிகாட்டிப் பேராசிரியர்கள் என மூன்றைப் பற்றியும் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்.

உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. 2018இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. சரி, கவுண்டரில் என்ன நடக்கிறது?

உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவன், பிஎச்.டி. நாலாவது வருஷம். உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை, தூக்கம் போய்விட்டது. மனநல டாக்டரைப் பார்த்தான். பில்லை எடுத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த அம்மா கேட்டார்:

“எத்தனை நாள் தம்பி பெட்ல இருந்தீங்க?”

“பெட்லதான் மேடம் பிரச்சினையே. படுத்தா தூக்கம் வரல.”

“அதில்லப்பா, அட்மிஷன் போட்டாங்களா?”

“தேவையில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அப்ப இன்னும் முத்தலையே!”

“முத்துனதும் வர்றேன் மேடம்” என்று கும்பிடு போட்டுவிட்டு வந்தான். சிரிக்கிறீர்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழிதான், இங்கேயும் சொல்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறார்களே என்பீர்கள். பார்க்கிறார்கள், நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் வரிசையில் நின்றால் காலைப்பொழுது போய்விடும். லேபில் என்ன சொல்லிவிட்டு வருவான்? 14416க்குப் போன் போட்டால் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸில் பேசலாம், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதாமாதம் டாக்டருக்கும் மாத்திரைக்கும் ஆகும் காசை யார் தருவது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குத்தான். மறுபடியும் அதே சூரிய நமஸ்காரம்!

அதனால்தான் கேட்கிறோம்: ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோருக்கும் பல்கலைக்கழகமே குழுக் காப்பீடு எடுக்கட்டும். புறநோயாளிக் கட்டணமும் அதில் அடங்க வேண்டும். தனியாளாகப் போனால் கதவைச் சாத்தும் கம்பெனி, ஆயிரம் பேராகப் போனால் நாற்காலி போடும். அதிகாரி அவர்கள் தலையாட்டுகிறார், நன்றி.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. வழிகாட்டிகள் இன்று தப்பித்தார்கள். இந்தக் குழுக் காப்பீட்டைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்களின் முதல் கையெழுத்துக்காகப் பேனாவையும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.