வலி எப்போது வருகிறது?

எல்லோருக்கும் வணக்கம்.

முதுகுவலி என்று மருத்துவரிடம் போகிற பலர், உட்கார்ந்ததும் முதலில் நீட்டுவது ஸ்கேன் கவரைத்தான். "டிஸ்க் விலகியிருக்காம், எலும்பு தேய்ந்திருக்காம்" என்பார்கள். சரி, வலி எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எதுவரை இறங்குகிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். என்னைக் கேட்டால், படத்தைவிட இந்தப் பதில்கள்தான் முக்கியம்.

1994-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். இடுப்புப் பகுதி டிஸ்க்குகள் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பவை) எல்லாமே சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. வயதாக ஆக முடி நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் மாறும். படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

இடுப்பு வலியில் பெரும்பகுதி தசையும் மூட்டும் பிடித்துக்கொள்வதால் வருவது. குனிந்தால் வலிக்கும், திரும்பிப் படுத்தால் குறையும், பெரும்பாலும் முழங்காலுக்கு மேலேயே நிற்கும். சில வாரங்களில் அடங்கும்.

நரம்பு வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து காலுக்குப் போகும் நரம்பின் தொடக்கம், அழுந்தினால் கதை வேறு. வலி முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை இறங்கும். இருமினால், தும்மினால் சுரீர் என்று இழுக்கும். அழுந்திய நரம்பை இழுத்தால் வலிக்கும்; அதைப் பார்க்கத்தான் மருத்துவர் உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்க்கிறார். அப்புறம் குதிகாலில் நடக்கச் சொல்வார், நுனிக்காலில் நடக்கச் சொல்வார். எந்த நரம்பு பலம் இழந்திருக்கிறது என்பது அந்த நாலு அடியில் தெரிந்துவிடும். இதுவும் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே 6 முதல் 12 வாரங்களில் நன்றாகக் குறைகிறது.

வயதானவர்களுக்கு நடந்தால் கால் கனத்து வலித்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ விட்டுப்போகிறது என்றால், தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது இன்னொரு வகைக்காக. 45 வயதுக்குள் மெல்ல ஆரம்பிக்கும். பின்னிரவில் எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகிக் கிடக்கும். நடமாடினால் குறையும், ஓய்வெடுத்தால் குறையாது. இது அழற்சி வகை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. "ராத்திரி சரியாகப் படுக்கவில்லை", "நல்லா ரெஸ்ட் எடு" என்று சொல்லிச் சொல்லியே இந்தப் பிள்ளைகளுக்குப் பல வருடம் வீணாகிவிடுகிறது. முதுகெலும்பு ஒட்டி இறுகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல மருந்துகள் இருக்கின்றன. இந்த அறிகுறிகள் மூன்று மாதம் நீடித்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

சில விஷயங்களில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் வராமல் நிற்பது அல்லது அடக்க முடியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, எலும்பு பலவீனமானவர்கள் விழுந்த பிறகு வரும் வலி, இவற்றையும் சீக்கிரம் காட்ட வேண்டும்.

மற்ற வலிக்கு என்ன செய்வது? படுத்தே கிடக்காதீர்கள். தாங்க முடியாத வலியென்றால் ஓரிரு நாள் போதும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். வலி மாத்திரையைக் குறைந்த நாளுக்கு, மருத்துவரைக் கேட்டு எடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக வாங்கிப் போடவே கூடாது. பெல்ட்டை நம்பி மாதக்கணக்கில் இருக்க வேண்டாம்.

எந்த உடற்பயிற்சி சிறந்தது என்று கேட்கிறீர்கள். நீங்கள் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அது. நடையில் தொடங்கலாம். பத்து நிமிடத்தில் வலி தொடங்குகிறதா? ஏழு நிமிடத்தில் நிறுத்துங்கள். ஆனால் ஒரு நாளில் மூன்று முறை நடங்கள். சில நாள் கழித்து ஒரு நிமிடம் கூட்டுங்கள். லேசாக வலித்தால் பயந்து நின்றுவிட வேண்டாம். மறுநாள் வலி அதிகமாகவே இருந்தால், முந்தைய அளவுக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி கூட்டுங்கள்.