முறிகண்டியில் சாரதி இல்லாத கார் நிற்குமா?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு இரணைமடுக் குளக்கட்டில் இருந்து கதைக்கிறேன். காற்று மைக்கில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. வீட்டில் எடுக்கலாம் என்றால் பக்கத்து வளவில் நெல் அடிக்கிற மெஷின் காலையிலிருந்து ஓடுகிறது. அதற்கு இந்தக் காற்று எவ்வளவோ மேல்.

இரண்டு விஷயம் கதைக்கப்போகிறேன். ஒன்று சாரதி இல்லாத கார். மற்றது மேசையைச் சுற்றி இருந்து விளையாடுகிற கதை விளையாட்டு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சம்பந்தமே இல்லை என்று நினைப்பீர்கள். எனக்கும் போன மாதம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் உருவாக்கினார்கள். ஒருவர் கதை நடத்துவார், அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். நாங்கள் கதைக்காரன் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைக்காரன் நிலைமையைச் சொல்ல, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லவேண்டும். அது சரிவருமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் 20 பக்க டைஸை உருட்டவேண்டும், பெரிய எண் விழுந்தால் நல்லது. எங்கள் அம்மம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது தாயம் மாதிரியோடா?" என்று கேட்டா. இல்லை அம்மம்மா, தாயத்தில் காய் எங்கே போகலாம் என்று கட்டம் சொல்லும், இதில் கட்டமே இல்லை என்றேன். "அப்ப அளாப்புறதுக்கு நல்ல வசதி" என்றுவிட்டுப் படுக்கப் போய்விட்டா.

போன மாதம் கரண்ட் இல்லாத ஒரு இரவு, விறாந்தையில் லாம்பு வைத்து விளையாட இருந்தோம். நான்தான் கதைக்காரன். பூதமும் குகையும் அலுத்துப்போய் கதையை யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் வைத்தேன். இரவு 2 மணி, மாங்குளம் தாண்டி கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாகனம் வருகிறது. தம்பி கம்பஸில் கொம்பியூட்டர் படிக்கிறவன். அவன் கேட்டான், "அண்ணா, நான் சாரதி இல்லாத காராக விளையாடட்டா?" சரி, விளையாடு என்றேன். மச்சாள் உள்ளே இருக்கிற பயணி. என் நண்பன் ஒருவன் லொறி ஓட்டுகிறவன், பத்து வருசமாகக் கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறான். அவன் பின்னால் வருகிற லொறிக்காரன். தன் வேலையையே விளையாட்டிலும் செய்ய வைத்துவிட்டேன் என்று கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தான்.

முதல் காட்சி: வெளிச்சத்தின் எல்லையில் வெள்ளையாக ஏதோ ஒன்று. தம்பி டைஸ் போட்டான், 3 விழுந்தது. உனக்கு அது பொலித்தீன் பை மாதிரித் தெரிகிறது என்றேன். வேகத்தைக் குறைக்காமல் போனான். அது கட்டாக்காலி மாடு. மச்சாள் கத்தினாள், அவன் பிரேக் போட்டான், இரண்டாவது டைஸ் காப்பாற்றியது, மாடு கடந்துவிட்டது. தம்பி உடனே, "பாதை கிளியர், எடுக்கிறேன்" என்றான். லொறிக்காரன் லாம்புக்குக் குறுக்கே கையை நீட்டினான். "நில்லடா. தாய்மாடு போனால் பின்னால கன்று வரும். ஒரு மாடு கடந்தால் அது கடைசி மாடு என்று எந்த மடையன் சொன்னவன்?"

உண்மையாகவே என் குறிப்பில் அடுத்த வரி "பற்றைக்குள்ளிருந்து கன்று" என்றுதான் இருந்தது. அவனுக்குக் காட்டவே இல்லை. இந்த விளையாட்டின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அட்வான்டேஜ் என்று ஒரு விதி இருக்கிறது. சாதகமான நிலை இருந்தால் இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுக்கலாம். அன்றிரவு முழுக்க லொறிக்காரனுக்கு அட்வான்டேஜ் கொடுத்தேன். தம்பிக்குக் கோபம்.

தம்பியின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 2004இல் அமெரிக்க இராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா பாலைவனத்தில் ஆளில்லா வாகனப் போட்டி வைத்தது. பாதை கிட்டத்தட்ட 240 கிலோமீற்றர். ஒரு வாகனமும் முடிக்கவில்லை, ஆகக்கூடப் போனது 12 கிலோமீற்றர் அளவுதான். அடுத்த வருசமே ஐந்து வாகனங்கள் முடித்துவிட்டன. 2009இல் கூகுளுக்குள் தொடங்கின வேலைதான் இன்றைக்கு வேமோ என்ற சாரதி இல்லாத கார் நிறுவனம். 2020இலிருந்து அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தில் பொதுசனம் சாரதி இருக்கையில் ஆளே இல்லாத காரில் ஏறிப் போகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் 2018 மார்ச்சில், அதே அரிசோனாவில், டெம்பி என்ற இடத்தில் ஊபரின் தானாக ஓடுகிற சோதனைக் கார் ஒன்று, இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணை மோதியது. அவர் இறந்துவிட்டார். விசாரணையில் வந்த விஷயம்தான் என்னை உறைய வைத்தது. காருக்கு அவர் தெரியாமல் இல்லை. மோதுவதற்கு ஐந்து செக்கனுக்கு மேல் இருக்கும்போதே கண்டுவிட்டது. ஆனால் தெரியாத பொருள், வாகனம், சைக்கிள் என்று மாறி மாறிப் பெயர் வைத்தது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதுவரை அவர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டது. கடவை இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை. கடவை இல்லாத இடம்! எங்கள் ஊரில் கடவை இருக்கிற இடத்தை எண்ணினால் ஒரு கை காணும்.

காருக்குள் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார். அவருடைய கவனம் போனில் இருந்தது. இந்தப் பாதி ஓட்டுகிற முறைதான் எனக்குப் பிடிக்காதது. பொறியியலாளர்கள் இதைப் பூச்சியத்திலிருந்து 5 வரை படிகளாகப் பிரிக்கிறார்கள். இரண்டாம் படியில் கார்தான் ஸ்டியரிங்கையும் வேகத்தையும் பார்க்கும், ஆனால் கவனம் முழுக்க உங்களுடையதாக இருக்கவேண்டும். சும்மா இருக்கிற மனிதன் எப்படிக் கவனமாக இருப்பான்? மூன்று மணித்தியாலம் கதைக்காரனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பூதம் பாய்கிற நேரம் பார்த்து "இந்தா, நீ நடத்து" என்று தாளை நீட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

மாமா ஜப்பானிலிருந்து வந்த கார் ஒன்று வைத்திருக்கிறார். கோடு தாண்டினால் கத்தும். காலபோக அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் வீதியில் பாதிக்கு நெல் காயும், விளிம்புக்குக் கல்லும் மரக்கட்டையும் வைத்திருப்பார்கள். நெல்லை விலத்தி மறுபக்கம் எடுத்தால் கத்துகிறது. எதிரே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரன் கையைக் காட்டி "நீ வா" என்கிறான், அந்தக் கை காருக்குத் தெரியாது. மாமா இப்போது அந்த பட்டனை நிறுத்தியே வைத்திருக்கிறார்.

இதற்காக இயந்திரம் வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை கொழும்பிலிருந்து இரவு வான் வண்டியில் வந்தேன். புளியங்குளத்துக்குக் கிட்ட சாரதி கண் அயர்ந்துவிட்டார், வான் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கின பிறகுதான் விழித்தார். முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுத் திரும்ப எடுத்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இரவில் தூங்காத இயந்திரம் ஒன்று இருந்திருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

இன்னொன்று, வேமோ கார் ஒரு நிலைமை விளங்காமல் திகைத்தால், தூரத்தில் இருக்கிற மனிதரிடம் கேட்கும். அவர் ஓட்டுவதில்லை. படத்தைப் பார்த்து, இந்தப் பாதை மூடியிருக்கிறதா, அந்தப் பக்கத்தால் போகலாமா என்று பதில் சொல்லுவார். இதைத் தம்பி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் கதைக்காரனடா! விதிப்புத்தகத்தில் இல்லாதது வந்தால் எல்லாரும் திரும்பி அவன் முகத்தைத்தானே பார்க்கிறோம்? ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் போன் சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் கார் யாரிடம் கேட்கும் என்று லொறிக்காரன் கேட்டான். தம்பியிடம் பதில் இல்லை.

கடைசிக் காட்சி முறிகண்டி, ஏ9 ஓரத்துப் பிள்ளையார் கோயிலடி. போர்டும் இல்லை, சிவப்பு லைட்டும் இல்லை, ஆனால் வாகனங்கள் பிள்ளையாருக்கு நிற்கும். பின்னால் வருகிறவனும் முன்னால் போகிறவன் நிற்பான் என்று தெரிந்தேதான் வருவான். தம்பி நிற்காமல் போனான். "வரைபடத்தில் நிறுத்தம் என்று இல்லை" என்றான். மச்சாள் கதவைத் திறக்கிறேன் என்றாள். லொறிக்காரன் டைஸைக் கையில் பொத்திக்கொண்டு, திருப்பிக்கொண்டு வந்து தேங்காய் உடைக்காவிட்டால் விளையாட்டு இல்லை என்றுவிட்டான். முக்கால் மணித்தியாலம் இதிலேயே போனது. கடைசியில் கார் திரும்பி வந்து நின்றது, ஆனால் தேங்காய் உடைக்கக் கையில்லை. மச்சாள் இறங்கி உடைத்தாள், அப்படியே கச்சானும் வாங்கினாள்.

சரி, நுளம்பு தொடங்கிவிட்டது, பேட்டரியும் சிவப்பில் நிற்கிறது. லொறி, வான், பஸ் ஓட்டுகிற அண்ணாமார் யாராவது பார்த்தால், ஏ9இல் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதி அனுப்புங்கோ. யானை கடக்கிற இடம், இருட்டில் மாடு படுக்கிற வளைவு, எதுவானாலும். அடுத்த சனிக்கிழமை தம்பி திரும்பவும் அதே காரோடு வருகிறான், அவனுக்கு முன்னால் வைக்க எனக்குச் சாமான் வேண்டும்.