ஏற மூச்சு, இறங்கத் தொடை

அவைத்தலைவர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திப் பெருமைப்படுத்திய ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, விடுமுறையிலும் மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வெயிலில் நாற்காலி போட்ட மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மலையேறுபவருக்கு மூன்று வேண்டும்: தசை வலு, நீடித்த மூச்சு, முறையான சாப்பாடு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். எந்த மேடையிலும் நான் சொல்வது இதுதான்.

பல வருடங்களுக்கு முன், இரண்டு மாரத்தான் ஓடிய தெம்பில் வெள்ளியங்கிரிக்குப் போனேன். பூண்டி அடிவாரத்தில் எல்லோரும் மூங்கில் தடி வாங்கினார்கள். தடி வயசானவர்களுக்கு என்று நினைத்து நான் வாங்கவில்லை. ஏழு மலையும் சிரமமில்லாமல் ஏறி, சுயம்பு லிங்கத்தைத் தரிசித்தேன். இறங்கும்போதுதான் வினை. பாதி வழியிலேயே தொடை கிடுகிடுவென ஆடியது. முதல் மலையின் கல்படிகளில், படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். கடைகளுக்குச் சரக்கு சுமக்கும் பெரியவர் ஒருவர், காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தவர், நின்று பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, ஏறுறதுக்கு மூச்சு போதுமுங்க. இறங்குறதுக்குத் தொடை வேணுமுங்க” என்று தன் தடியை நீட்டினார். அந்தத் தடி இன்றும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகள் நைவது அப்போதுதான். அதைத் தாங்கும் வலு சமதரை ஓட்டத்தில் வராது.

அதற்காகப் பளு தூக்குவது, ஓடுவது இரண்டையும் தினமும் போட்டு உடம்பை வதைக்கக்கூடாது. உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் இரண்டையும் கடுமையாகச் சேர்த்துச் செய்தவர்களுக்கு மூச்சுத் திறன் குறையவில்லை. கால் வலு கூடுவதோ ஏழெட்டு வாரத்தில் நின்று, பிறகு வலு சரிந்தது. ஆகவே வாரம் இரண்டு நாள் பளு தூக்குங்கள். மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். பிப்ரவரியில் வெள்ளியங்கிரி மலைப்பாதை திறப்பதற்கு மூன்று மாதம் முன்பே சுவரைக் கட்டுங்கள். நாள் நெருங்கும்போது பளுவைக் குறைத்து, ஏற்ற இறக்கத்தில் நடப்பதைக் கூட்டுங்கள்.

அந்தச் சுவர் எழும்ப வேண்டிய இடம் பள்ளிக்கூடம். ஊர் ஊராகப் பார்க்கிறேன், பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்? தலைமையாசிரியர் ஐயாவிடம் உரிமையோடு கேட்கிறேன்: பத்தாம் வகுப்புக்கும் வாரம் இரண்டு பி.டி. பீரியடை ஒதுக்கிக் கொடுங்கள். மணல் மூட்டையும் இந்த மேடைப் படியும் போதும். மூட்டை நான் தருகிறேன். செவ்வாய், வெள்ளி காலையில் சொல்லிக்கொடுக்கவும் வருகிறேன்.

நன்றி, வணக்கம்.