தண்டவாளம் போனாலும் நிலம் போகக்கூடாது

(மட்டக்களப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தம்பி தங்கைமாரே!

அவிசாவளைக்குப் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். கொழும்பிலிருந்து போகும் களனிவெளிக் கோச்சி, அதாவது ரயில், இன்று அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு காலத்தில் அது அங்கிருந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை 1903இல் எட்டியாந்தோட்டைக்குப் போனது. மற்றது 1912இல் இரத்தினபுரியைத் தொட்டு, பிறகு ஓப்பநாயக்கா வரை நீண்டது. இரண்டுமே இன்று இல்லை.

ஏன் போயின? அந்தப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே அகலம் இரண்டரை அடி. பிரதான பாதையோ ஐந்தரை அடி. செலவு குறையுமென்றுதான் ஒடுக்கமாகப் போட்டார்கள். ஆனால் தேயிலையும் இறப்பரும் பெரிய பாதையில் போக வேண்டுமென்றால், பெட்டி பெட்டியாக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். தோட்ட வாசலுக்கே லொறி வந்த பிறகு அந்தக் கூலியை யார் கொடுப்பார்? எட்டியாந்தோட்டைக் கிளை 1942இலேயே மூடப்பட்டது. இரத்தினபுரிப் பாதை எழுபதுகளில். 1990களில் அவிசாவளை வரை அகலப்பாதை போட்டார்கள். அதற்கு அப்பால் பாதை கிடந்த நிலத்தில் வீடும் கடையும் ரோட்டும் வந்துவிட்டன. இரத்தினபுரிக்காரர் இன்றும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.

நம்முடைய பாதையும் கல்லோயாச் சந்தியில் பிரிந்து வரும் கிளைதான். ஆனால் தொடக்கத்திலிருந்தே அகலப்பாதை. ஓட்டமாவடிப் பாலம் உங்களுக்கு நினைவிருக்கும். ரோட்டு நடுவிலேயே தண்டவாளம். கோச்சி வருகுதென்றால் கேட்டைப் பூட்டுவார்கள்; பஸ், லொறி, மீன்பெட்டி கட்டின சைக்கிள் எல்லாம் வரிசையில் நிற்கும். யுத்தத்தில் அந்தக் கோச்சியும் நின்றது. ஆனாலும் பாதை நிலம் கையை விட்டுப் போகவில்லை. 2003இல் மட்டக்களப்புக்குக் கோச்சி திரும்பி வந்தது. 1990இல் நின்ற தலைமன்னார்ப் பாதையும் 2015இல் திரும்பியது. தண்டவாளத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். குடியேறிய சனத்தை எழுப்பிவிட்டு நிலம் வாங்க எந்த அரசாங்கமும் துணியாது, துணியவும் கூடாது.

கல்முனை, பொத்துவில் வரை பாதை நீள வேண்டுமென்று எத்தனையோ காலமாகக் கேட்கிறோம். காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிறது. கரையோரத்தில் இனி இடமில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் இன்னும் வெளி இருக்கிறது. கோச்சியைப் பிறகு கேட்போம். முதலில் அந்த நிலத்தை அளந்து, கல் நட்டு, ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்போம்.