விளக்கு: நாலு எழுத்தா, ஏழா?

எல்லாருக்கும் வணக்கம். பண்டிகை லீவுல பிள்ளைங்களுக்கு வீட்டு கம்ப்யூட்டர்லயே ஒர்க்‌ஷீட் போடுறத பத்தி பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. எனக்கு இது பல வருஷப் பைத்தியம், ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேன்னு வீட்ல சொல்வாங்க, அதனால முக்கியமானத முதல்லயே சொல்லிடறேன். ஷீட்ட பிள்ளை கையில குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பிரதி பிரிண்ட் எடுத்து, பென்சிலோட உக்காந்து, நீங்களே செஞ்சு பாருங்க. ஸ்கிரீன்ல பாத்தது கணக்குல வராது.

நான் பட்டது அப்படி. ஒரு தடவ என் பொண்ணுக்கு சொல் தேடல் போட்டேன், அதாங்க, கட்டம் கட்டமா எழுத்து இருக்கும், உள்ள ஒளிஞ்சிருக்கற சொல்ல கண்டுபிடிச்சு சுழிக்கணும்ல, அது. பண்டிகைங்கறதால விளக்கு, பரிசு, விடுமுறை, பலூன்னு ஒரு எட்டு சொல்லு. சொல்ல குடுத்தா கட்டத்த தானே போட்டுத் தர்ற ஒரு தளம் நெட்ல கெடச்சுது, ராத்திரி பதினோரு மணி, தூக்கம் வேற, ஸ்கிரீன்ல சின்னதா பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு, பிரிண்ட் குடுத்துட்டு படுத்துட்டேன். காலைல பொண்ணு வந்து நிக்கறா. "அப்பா, இந்தக் கட்டத்துல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் இருக்கு, அது மேல ஒரு வளைவு மட்டும் இருக்கு, இது என்ன எழுத்துப்பா?"

என்ன எழுத்துன்னு சொல்றது! 247 எழுத்துல அப்படி ஒண்ணு கெடையாதே.

விஷயம் இதுதான், ரேடியோவுல எழுதிக் காட்ட முடியாது, விரல் விட்டு எண்ணிக்கங்க. விளக்கு, நமக்கு நாலு எழுத்து: வி, ள, க், கு. கம்ப்யூட்டருக்கு ஏழு. வ ஒண்ணு, அதுக்கு மேல வளைவு ரெண்டு, ள மூணு, க நாலு, அந்தப் புள்ளி அஞ்சு, மறுபடி க ஆறு, கு-வோட சுழி ஏழு. 1991ல யூனிகோட் (எழுத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல எண் குடுக்கற பொது முறை) முதல் பதிப்பு வந்ததுலேர்ந்து தமிழுக்கு ஏற்பாடு இதுதான், ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் குடுக்கல, வ-வுக்கு ஒரு எண், வளைவுக்கு ஒரு எண், டைப் அடிச்சா ரெண்டும் ஒட்டி வின்னு தெரியும். நமக்குத் தெரியறது வி, உள்ள இருக்கறது ரெண்டு. அந்தத் தளம் எண்ணுக்கு ஒரு கட்டம்னு வெட்டிப் போட்டுடுச்சு, தனியா விழுந்த வளைவு ஒட்டிக்க எழுத்து இல்லாம புள்ளி வட்டத்து மேல உக்காந்துடுச்சு. பென்சிலோட ஒரே ஒரு சொல்ல தேடியிருந்தா ராத்திரியே தெரிஞ்சிருக்கும்.

இப்பல்லாம் லிப்ரே ஆபீஸ் ரைட்டர்ங்கற டைப் அடிக்கற சாஃப்ட்வேர்ல (வேர்டுலயும் ஆகும்) பத்துக்குப் பத்து டேபிள் ஒண்ணு போட்டு, கட்டம் ஒன்றரை சென்டிமீட்டர்னு வச்சு, கையாலயே அடிச்சுடறேன். ஏ4 அகலம் 21 சென்டிமீட்டர், நம்ம டேபிள் 15தான், தாராளமா அடங்கிடும். ஒரு கட்டம் அடிச்சு டேப் தட்டினா அடுத்த கட்டம், அரை மணி நேர வேலை. மிச்சக் கட்டத்த நிரப்பறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இத நானும் லேட்டாத்தான் கண்டுபிடிச்சேன். வெறும் க, ட, ம, லன்னு நிரப்பினா பிள்ளை சொல்ல தேடாது, புள்ளி வச்ச எழுத்தையும் சுழி இருக்கற எழுத்தையும் மட்டும் தேடும், அங்கதான சொல்லு இருக்கும்! அதனால நிரப்பற எழுத்துலயும் ட், மு, தி எல்லாம் கலந்து விடணும். இதுவும் செஞ்சு பாத்தாத்தான் தெரியும்.

எண்ணிக்கை ஷீட்டும் அதே கதைதான், பன்னண்டு நட்சத்திரத்த காப்பி பண்ணி ஒட்டினேன், ஒண்ணு மேல ஒண்ணு கரெக்டா உக்காந்துடுச்சு, பேப்பர்ல பதினொண்ணுதான் தெரியுது, பொண்ணு பதினொண்ணுன்னு எழுதினா நான் தப்பு போடறேன். படம் கோட்டோவியமா இருந்தா நல்லது, இங்க்கும் மிச்சம், பிள்ளை கலரும் அடிச்சுக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, ஒரு நிமிஷம்தானாம். எழுத்து மேல எழுதிப் பழகற ஷீட் பத்தி நிறைய வச்சிருந்தேன், போகட்டும், எழுத்து 72 பாயிண்ட், வெளிர் சாம்பல், அவ்ளோதான். பழைய, யூனிகோட் இல்லாத ஃபான்ட்ல அடிக்காதீங்க, வேற கம்ப்யூட்டர்ல தொறந்தா ஆங்கில எழுத்தா கொட்டும். பிடிஎஃப்பா சேவ் பண்ணிடுங்க. பிரிண்ட் குடுக்கறப்போ பக்கத்துக்குப் பொருத்துன்னு இருக்கறத எடுத்துட்டு 100 சதவீதம்னு வைங்க, இல்லன்னா சத்தமில்லாம சுருக்கிடும். பரிசுப் பெட்டி ரிப்பன் 10 சென்டிமீட்டர்னு வரைஞ்சு அளக்கச் சொன்னேன், பொண்ணு 9.7ன்னு எழுதினா, நான் சிவப்பு மையில இன்ட்டு போட்டேன். ஸ்கேலோட வந்து என் மூஞ்சி முன்னாடி அளந்து காட்டினா. 9.7தான். சரி, நேரமாச்சு, வணக்கம்.